பல்லின் வேரைப் படத்தில் கண்டவர்: எட்மண்ட் கெல்ஸ்

மேல் தாடைப் பல் ஒன்றுக்கு வேர்க்குழாய் சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறி, ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸ்ரே படங்களையும் எடுக்கச் சொன்னால், இத்தனை படங்கள் எதற்கு என்ற ஐயம் உங்களுக்கு எழுவது இயல்பே. அந்த ஐயத்துக்கான விடையும், படம் எடுக்கும்போது கடைப்பிடிக்கப்படும் கட்டுப்பாடுகளுக்கான காரணமும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் அடங்கியுள்ளன. அவர் அமெரிக்கப் பல் மருத்துவர் சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ்.

கெல்ஸ் 1856-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தார். தந்தையும் பல் மருத்துவரே. நியூயார்க்கில் பயின்று 1878-இல் பட்டம் பெற்றபின், சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். மின்சாரத்திலும் கருவிகளிலும் அவருக்குத் தீராத ஆர்வம் இருந்தது. அறுவை சிகிச்சையின்போது இரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் கருவியை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். 1885-இல் பெண் ஒருவரைத் தம் சிகிச்சை அறையில் உதவியாளராக அமர்த்தினார். பெண்கள் துணையின்றிப் பல் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய அக்காலத்தில் இது சிறிய மாற்றமன்று.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். சில வாரங்களிலேயே, அதே நாட்டின் வால்காஃப் தம் பற்களைப் படமெடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. இன்று நொடிக்கும் குறைவான நேரத்தில் முடியும் வேலை அது. அந்த 1896-ஆம் ஆண்டிலேயே கெல்ஸும் கருவியை அமைத்து, நோயாளிகளின் பற்களைப் படமெடுக்கத் தொடங்கினார். படத்தகட்டைக் கறுப்புக் காகிதத்தில் பொதிந்து, எச்சில் படாதவாறு ரப்பர் தாளால் மூடி, வாய்க்குள் வைத்தார்.

1899-இல் அவர் செய்த ஒரு சோதனைதான் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. மேல் தாடை முன்பல்லின் வேர்க்குழாய்க்குள் மெல்லிய ஈயக் கம்பியைச் செலுத்தி, படம் எடுத்தார். ஈயம் கதிரைத் தடுப்பதால் கம்பி படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அது வேரின் நுனியை எட்டியதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய முடிந்தது. அதுவரை மருத்துவர்கள் விரலின் உணர்வையும் அனுபவத்தையும் மட்டுமே நம்பியிருந்தனர். இன்று உங்கள் பல்லுக்குள் நுண்ணிய அரம் ஒன்றை வைத்துப் படம் எடுக்கிறார்களே, அது இதே முறையின் வளர்ச்சிதான்.

ஆனால் கெல்ஸ் தேர்ந்த பல் எளிதானது. மேல் முன்பல்லில் பெரும்பாலும் ஒரே குழாய்தான் இருக்கும். மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லோ மூன்று வேர்களை உடையது; கன்னப்பக்கத்து முன்வேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டாவது குழாய் ஒன்றும் இருக்கிறது. அது மிகக் குறுகியது. அதைக் காணாமல் விட்டால் உள்ளே கிருமிகள் தங்கி, சிகிச்சைக்குப் பின்னும் வலியும் வீக்கமும் திரும்பக்கூடும். சாதாரணப் படம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளவற்றை ஒரே தளத்தில் ஒட்டிவிடுகிறது; கன்ன எலும்பின் நிழலும் சேர்ந்து மறைக்கிறது. எனவேதான் கோணத்தை மாற்றி இரண்டாவது படம் எடுக்கப்படுகிறது.

அதிலும் தெளிவு பிறக்காதபோது, சிபிசிடி எனப்படும் முப்பரிமாணப் படத்தை மருத்துவர் பரிந்துரைக்கலாம். தாடை எலும்புக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் செல்லும் கால்வாய்களும் அதில் தெரியும். முன்பற்களுக்குப் பின்னுள்ள கால்வாயின் அகலமும் வடிவமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு அண்ணத்தில் திறக்கும் கூடுதல் நுண்கால்வாய்கள் உண்டு. சாதாரணப் படத்தில் அவை வேர்நுனி நோய்போலத் தோன்றி ஏமாற்றலாம். செயற்கைப் பல் பொருத்த எலும்பில் துளையிடுவதற்கு முன் இவற்றை அறிவது அவசியம். எனினும் இதன் கதிர்வீச்சு அளவு சாதாரணப் பல் படத்தைவிட மிகுதியாதலால், தேவை இருந்தால் மட்டுமே எடுக்கப்படும்.

அந்த எச்சரிக்கைக்குக் கெல்ஸ் தம் உடலையே விலையாகக் கொடுத்தார். அக்காலத்தில் கதிர்க்குழாயைச் சரிசெய்ய, மருத்துவர்கள் தம் கையையே கதிருக்கு முன் நீட்டி, எலும்பின் நிழல் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பர். கெல்ஸும் ஆண்டுக்கணக்கில் அவ்வாறே செய்தார். கையில் புண்கள் தோன்றின, அவை புற்றுநோயாயின. பலமுறை அறுவை சிகிச்சை நடந்தது. விரல்கள், பின்னர் கை, பின்னர் புயம் என ஒவ்வொன்றாக இழந்தார். கதிரின் ஆபத்தைச் சக மருத்துவர்களுக்கு உணர்த்தியும், நூல்கள் எழுதியும் வந்த அவர், கடும் வேதனைக்கிடையே 1928 மே 7 அன்று உயிர்நீத்தார்.

கெல்ஸ் நாள்தோறும், எவ்விதத் தடுப்புமின்றி ஏற்ற கதிரின் அளவோடு உங்கள் பல் படத்தின் அளவை ஒப்பிட்டு அஞ்ச வேண்டியதில்லை. பின்னது மிகச் சிறியது. கருவுற்றிருந்தால் அல்லது அதற்கு வாய்ப்பிருந்தால் முன்னதாகவே தெரிவியுங்கள். பழைய படங்கள் இருப்பின் கொண்டுசெல்லுங்கள், மறுபடம் தவிர்க்கப்படலாம். சிறு குழந்தையைப் பிடித்துக்கொள்ள நேர்ந்தால், ஈய மேலாடை கேட்டு அணிந்துகொண்டு, கதிர் பாயும் வழியில் உங்கள் கை வராதவாறு நில்லுங்கள்.