மீன்முள் வரைந்த பேராசிரியர்

அறிஞர் வரலாறு பகுதிக்கு இந்தத் தடவை கொஞ்சம் வேற மாதிரி ஆளை எடுத்திருக்கிறோம். இவர் ராக்கெட் விடவில்லை, மருந்து கண்டுபிடிக்கவில்லை. மீன்முள் மாதிரி ஒரு படம் வரைந்தார். உலகம் முழுக்க இன்னைக்கும் தொழிற்சாலைகளில் அதை வரைஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

பெயர் கவோரு இஷிகாவா. 1915 ஜூலை 13-ல் டோக்கியோவில் பிறந்தார். எட்டு ஆண்பிள்ளைகளில் மூத்தவர். அப்பா இச்சிரோ பெரிய தொழிலதிபர். 1939-ல் வேதியியல் பொறியியல் சார்ந்த படிப்பை முடித்து, கடற்படையிலும் பிறகு ஒரு எரிபொருள் கம்பெனியிலும் வேலை பார்த்தார். 1947-ல் தான் படித்த டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அங்கே லேப்ல ஒரு சிக்கல். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் விடை ஆளுக்கொரு பக்கம் சிதறியது. இதுக்குப் புள்ளியியல்தான் வழி என்று தெரிந்து, ஜப்பான் விஞ்ஞானிகள் பொறியாளர்கள் சங்கத்தில் இருந்த குறிப்புகளைக் கேட்டுப் போனார். பாடம் நடத்த ஒத்துக்கொண்டால்தான் தருவோம் என்று பிடித்துக்கொண்டார்கள். படிக்கப் போனவர் வாத்தியாராக வெளியே வந்தார்!

அப்போ ஜப்பான் போரில் தோற்று நொறுங்கிக் கிடந்தது. எண்ணெய், இரும்புத்தாது எல்லாமே வெளியிலிருந்து வாங்கணும். அதுக்குப் பொருள் செஞ்சு வெளிநாட்டில் விக்கணும். ஆனா ஜப்பான் சாமான் என்றாலே மட்டம், சீக்கிரம் உடையும் என்று பெயர். அதனால் தரம் என்பது அவங்களுக்கு சாப்பாட்டுப் பிரச்சினை. 1950-ல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் வந்தபோது, கம்பெனித் தலைவர்களை அவர் பேச்சைக் கேட்க வரவழைத்தவர் இஷிகாவாவின் அப்பாதான்.

இனி மீன்முள். கவாசாகி உருக்காலைப் பொறியாளர்களுக்கு விளக்கும்போது இதை வரைந்தார். மீனின் தலையில் பிரச்சினையை எழுதணும். பெரிய முள் ஒவ்வொன்றும் ஒரு வகைக் காரணம்: ஆள், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை. அதிலிருந்து சின்னச் சின்ன முள்ளாகப் பிரிச்சுக்கிட்டே போகணும். சும்மா படம்தானே என்று நாங்களும் நினைத்தோம். எங்க வகுப்பில் காலை பிரேயருக்கு லேட் ஆவதைப் பற்றி வரைந்து பார்த்தோம். தினமும் திட்டு வாங்குகிற ஒருத்தன் பேரைத்தான் முதலில் எல்லாரும் சொன்னாங்க. முள்முள்ளாக எழுதி, ஒரு வாரம் கோடு போட்டு எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் லேட் ஒரே டவுன் பஸ்ஸால் வந்தது. அவனும் அந்த பஸ்தான். (மன்னிப்பு கேட்டாச்சு.)

அந்தக் கோடு போட்ட தாளும் ஒரு கருவிதான், செக் ஷீட் என்று பெயர். எந்தக் காரணம் அதிகம் என்று உயரவாரியாக அடுக்கினால் பரேட்டோ படம். நம்ம கணக்குப் புத்தகத்தில் வருகிற நிகழ்வுச் செவ்வகமும் உண்டு. இன்னும் சிதறல் படம், கட்டுப்பாட்டு வரைபடம், வகை பிரித்துப் பார்ப்பது, மீன்முள் என்று மொத்தம் ஏழு. எல்லாம் இவர் கண்டுபிடித்தது அல்ல. கட்டுப்பாட்டு வரைபடம் 1924-ல் அமெரிக்கர் ஷூஹார்ட் போட்டது. இவர் செய்தது, ஏழையும் ஸ்பேனர் செட் மாதிரி சேர்த்துத் தொழிலாளி கையில் கொடுத்தது. கம்பெனிப் பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஏழே போதும் என்பது அவர் கணக்கு.

இன்னொன்று. ஆலைகளில் ஒரு பிரிவும் அடுத்த பிரிவும் எதிரி மாதிரி இருந்தன. செய்ததில் என்ன குறை என்று அடுத்த பிரிவில் போய்ப் பார்க்கச் சொன்னால், உளவு பார்க்க வந்ததா நினைப்பாங்க என்று தயங்கினார்கள். உன் வேலையை அடுத்து வாங்குகிறவர்தான் உன் வாடிக்கையாளர் என்று சொல்லிக் கொடுத்தார். கடைசியில் நின்று கெட்டதைப் பொறுக்கிப் போடுவது தரம் ஆகாது என்பதில் ரொம்பப் பிடிவாதம்.

1962-ல் மேஸ்திரிகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். ஆசிரியர் குழுத் தலைவர் இவர்தான். சொந்தக் காசில் வாங்குகிற மாதிரி விலை குறைவு. அதைச் சேர்ந்து படிக்கிற சிறு குழுக்களே தர வட்டங்கள். முதலில் பதிவானது மட்சுயாமா ஊரில், தொலைபேசித் துறையில். பிறகு பல நாடுகளுக்குப் பரவி, 1980 வாக்கில் இந்தியாவுக்கும் வந்தது.

1952-ல் டெமிங் பரிசு வாங்கினார். (அதே பெயர்ப் பரிசை 1998-ல் நம்ம சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு வாங்கியிருக்கு!) 1989 ஏப்ரல் 16-ல் காலமானார்.

கீழே ஒரு மீன்முள்ளைக் காலியாக விட்டிருக்கிறோம், பென்சில் நூலில் தொங்குது. தலையில் எழுதியிருப்பது: மதியத்துக்குள்ள மாடிக் குழாயில் தண்ணி ஏன் தீர்ந்து போகுது? முள்ளை நீங்க எழுதுங்க. ஆள் பேர் மட்டும் எழுதாதீங்க.