மதுவை வென்ற அடைக்கலம்

வங்க நாட்டில் 1844-ஆம் ஆண்டு தோன்றிய கிரீச சந்திர கோஷ் கல்கத்தா நாடகமேடையின் தலைமகனாக விளங்கினார். ஆயினும் மதுவுக்கு அடிமையாய் இருந்தார். 1884-இல் அவர்தம் சைதன்ய லீலை நாடகத்தைக் காண எழுந்தருளிய இராமகிருஷ்ண பரமஹம்சர், பின்னர் அவரை ஆட்கொண்டருளினார். குடியை விடுமாறு பணித்தாரல்லர். காலையும் மாலையும் இறைவனை நினைந்தால் போதும் என்றார். அதற்கும் உறுதி கூற இயலாத தம் நிலையைக் கிரீசர் ஒளியாது உணர்த்தினார். அவர் பொறுப்பனைத்தையும் குருநாதர் தாமே ஏற்றருளினார். எளிதென மகிழ்ந்தவர், தம் செயல் என ஒரு மூச்சும் இனி இல்லை என்னும் அருமையைப் பின்னரே உணர்ந்தார். தற்போதம் தேயத் தேய மதுவேட்கையும் நாளடைவில் தளர்ந்தது. 1912-இல் அவர் உலகு நீத்தார். தம்மால் ஆகாமையை மறையாது ஒப்புக்கொள்வார்க்கே திருவருள் துணையாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.