மணல்வரிகளை அளந்தவர்

காற்று எழுதிய மணல்வரிகளைக் கண்டு பாட ஆசைப்படாத கவிஞர் நம்மிடையே உண்டோ? அவ்வரிகள் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் அமைவது எதனால் என்று கேட்டு, விடை தேடி உழைத்தவர் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி. ரால்ஃப் பாக்னால்ட் என்பது அவர் பெயர்.

1896இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். புதின ஆசிரியை ஈனிட் பாக்னால்ட் இவருடைய தமக்கையார். முதல் உலகப்போரில் பொறியாளர் படைப்பிரிவில் பணிபுரிந்தபின் கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்றார். படைப்பணி அவரை எகிப்துக்குக் கொண்டு சேர்த்தது. விடுப்பு நாட்களில் நண்பர்களுடன் ஃபோர்டு கார்களில் ஏறி லிபியப் பாலைவனத்துள் புகுந்தார். காரின் இரும்பு காந்த ஊசியைப் பிழைபடுத்தும். ஆகவே நிழலைக்கொண்டு திசையறியும் சூரியத் திசைகாட்டியைத் தம் பயணங்களுக்கேற்பச் செம்மை செய்துகொண்டார். ரேடியேட்டரில் கொதித்தெழும் ஆவியையும் வீணாக்காமல் பிடித்து மீண்டும் நீராக்கினார்.

1935இல் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, மணலை அதில் ஓடவிட்டார். மணல் தூசியைப்போல் காற்றில் மிதப்பதில்லை; தரையை ஒட்டித் துள்ளித் துள்ளிச் செல்கிறது. விழும் மணி மற்ற மணிகளை எற்றி எழுப்புகிறது. கட்டாந்தரையில் விழுந்தால் உயர எழும்பும். மணலிலேயே விழுந்தால் வேகம் தளர்ந்து தங்கிவிடும். மணல் மணலையே நாடிக் குன்றாவதன் காரணம் இதுவே. வரிகளின் இடைவெளியோ அத்துள்ளலின் நீளம் என்பது அவர் முடிபு. ஆய்வுக்கூட முடிபுகளைச் சரிபார்க்க 1938இல் மீண்டும் பாலைக்கே சென்றார். 1941இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. காற்றுவழி மணலை ஆராய்வோர் இன்றும் அதனின்றே தொடங்குகின்றனர்.

இடையில் போர் மூண்டது. 1940இல் அவர் நிறுவிய நெடுந்தொலைவுப் பாலைப்படை, அவர் கண்டறிந்த வழிமுறைகளைக் கொண்டே பகைவரின் பின்புறம் சென்று வேவு பார்த்தது, தாக்கவும் செய்தது. தாம் நேசித்த வெளியைப் போர்வழியாக்கியவரும் அவரே என்பதை மறைத்து எழுதுதல் முறையன்று.

செவ்வாயிலும் மணற்குன்றுகள் உண்டென்பதை விண்கலப் படங்கள் காட்டியபின், பூமி, செவ்வாய் ஆகியவற்றின் பாலைநிலங்கள் குறித்து 1977இல் நாசா நடத்திய மாநாட்டில் எண்பத்தொரு வயதில் உரையாற்றினார். 1990இல் மறைந்தார்.

செவ்வாயின் கேல் பள்ளத்திலுள்ள மணற்குன்றுகளுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. 2015இன் இறுதியில் கியூரியாசிட்டி ஊர்தி அங்குச் சென்றது. பூமியிற் காண்பன போன்ற சிறுவரிகள் அங்கிருந்தன. அவற்றோடு, ஏறத்தாழ மூன்று மீட்டர் இடைவெளியுள்ள பெருவரிகளும் இருந்தன. அழுத்தம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அவ்வளியில் இவை நீரடி மணலின் வரிகளைப்போல் உருவாகின்றன என்பர் சிலர், மறுப்போரும் உளர். பூமியின் வரிகளுக்கே துள்ளல் நீளம் மட்டும் காரணமன்று, அவை சிறியனவாய்த் தோன்றி ஒன்றோடொன்று கூடி வளர்வன என்று பின்னோர் திருத்தியுள்ளனர். அவர் பெயர் தாங்கிய குன்றுகளின்மேல், அவர் கணக்கிற்கு அடங்காத வரிகளைக் காற்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது.