கொரிந்தில் ஒரு கூடாரத் தொழிலாளி

ஏதென்சிலிருந்து மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சென்றால் பழைய கொரிந்தின் இடிபாடுகளை அடைகின்றோம். முதலில் கண்ணில் படுபவை அப்பொல்லோ கோவிலின் ஏழு தூண்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவை ஒவ்வொன்றும் ஒரே கல்லால் ஆனவை. பயணிகள் பெரும்பாலும் இங்கேதான் நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். புனித பவுலைத் தேடி வரும் நாமோ, சந்தைவெளியை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் சிறு கடைகளின் அடித்தளங்களைப் பார்க்க வேண்டும். இத்தகைய ஓர் அறையில்தான் அவர் ஊசியும் கையுமாக அமர்ந்திருப்பார்.

சிலிசியா நாட்டுத் தர்சு நகரில் பிறந்த பவுலுக்குத் தெரிந்த தொழில் கூடாரம் செய்வது. கி.பி. 50ஆம் ஆண்டையொட்டி, ஏதென்சில் சிலரே நம்பிக்கை கொண்ட நிலையில், இங்கு வந்து சேர்ந்தார். கி.மு. 146இல் உரோமையரால் அழிக்கப்பட்டு, கி.மு. 44இல் யூலியு சீசரால் மீண்டும் குடியேற்றப்பட்ட கொரிந்து, இரு துறைமுகங்களின் வணிகத்தால் செழித்த நகர். கிளவுதியு பேரரசர் யூதரை வெளியேற்றியதால் உரோமையிலிருந்து வந்திருந்த ஆக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரும் அதே தொழில் செய்தனர். பவுல் அவர்களோடு தங்கி உழைத்தார். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் பேசினார். ஒன்றரை ஆண்டு இப்படியே கழிந்தது.

இந்த உழைப்புதான் பிறகு சிக்கலாயிற்று. அக்காலத்தில் பேரறிஞர் எனப்பட்டோர் செல்வர் வீட்டில் தங்கி, அவர் செலவில் வாழ்ந்தனர். வீட்டுக்காரருக்குப் பெருமை, ஆசிரியரோ அவருடைய ஆள். பவுல் கொரிந்தியரிடம் பணம் வாங்க மறுத்தார். ஏழ்மையில் இருந்த மாசிதோனியர் அனுப்பியதை மட்டும் ஏற்றுக்கொண்டார். இது கொரிந்தியரைப் புண்படுத்தியது. தங்கள்மேல் அவருக்கு அன்பில்லை என்றனர்.

நற்செய்தி அறிவிப்போர் அதனால் பிழைக்க உரிமை உண்டென்று அவரே தம் முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் வாதாடுகிறார். உடனே அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். மக்களின் காணிக்கையால் வாழும் நம் போன்ற குருக்களுக்கு முதற்பாதியை மட்டும் மறையுரையில் எடுத்துக்கொள்வது எளிது! ஆயினும் அவரது மறுப்பை நாம் தற்பெருமையாகக் கருதவில்லை. ஆண்டவரின் திருவிருந்தில் வசதி படைத்தோர் முன்னதாக உண்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றதை அதே திருமுகத்தில் கடுமையாகக் கண்டிக்கிறார். அந்தச் செல்வர்களின் சோற்றை உண்டிருந்தால், அவ்வளவு உரக்கப் பேச அவரால் முடிந்திருக்குமா?

சந்தைவெளியின் நடுவில் ஒரு கல்மேடையும் உள்ளது. 1896 முதல் அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திவரும் அகழ்வுகளில் வெளிப்பட்டது. ஆளுநர் கல்லியோ முன்பாகப் பவுல் நிறுத்தப்பட்ட இடம் இதுவெனக் கருதுகின்றனர். கல்லியோ வழக்கை ஏற்கவே இல்லை. டெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்று அவர் பெயரைக் குறிப்பிடுவதால், அவர் இங்கிருந்த காலம் கி.பி. 51-52 என்று அறிகிறோம். பவுலின் வாழ்க்கையில் ஆண்டு ஓரளவு உறுதியாகத் தெரிகிற நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. அவற்றில் இது ஒன்று.

சில ஆண்டுகளுக்குப் பின் அவர் மீண்டும் கொரிந்துக்கு வந்தார். தமக்கென்று ஒன்றும் கேட்காதவர், எருசலேமின் ஏழைகளுக்காக இதே மக்களிடம் கையேந்தினார். அவர்களும் கொடுத்தனர். உதவியோடு எருசலேம் சென்றவர் அங்கே கைதாகி, விலங்கிடப்பட்டவராகவே உரோமை போய்ச் சேர்ந்தார்.