வில்வண்டி ஏறிய வீரர் அய்யன்காளி

குமுளியிலிருந்து தேக்கடிக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் செல்லும் சாலைகளில் நம்மவர் இன்று எவருடைய அனுமதியும் கேளாமல் நடக்கின்றனர். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். இதில் வியப்பென்ன என்று இளைஞர் கேட்கக்கூடும். குமுளியும் பீர்மேடும் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துக்கு உட்பட்டிருந்த காலத்தில், அந்த ராஜ்ஜியத்தின் பொதுச் சாலைகளில் தாழ்த்தப்பட்டோர் கால் வைக்க இயலாது. இவ்வுரிமையை வாங்கித் தந்தோருள் தலையாயவர் அய்யன்காளி. அவர் புத்த தம்மத்தைத் தழுவியவர் அல்லர். எழுதப் படிக்கவும் அறியாதவர். ஆயினும் எளிய மக்கள் அன்றாட வாழ்விலேயே பொதுக்காரியம் ஆற்றுவது எப்படி என்பதை அவருடைய சரித்திரம் போலத் தெளிவாகக் கற்பிப்பது வேறொன்றை யான் அறியேன்.

திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ஆம் ஆண்டில் அரசாணையால் ஒழிக்கப்பட்டது. அதற்கு எட்டாண்டுகள் கழித்து, 1863 ஆகஸ்டு 28-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த வெங்கானூரில் புலையர் குலத்தில் அய்யன் என்பாருக்கும் மாலா அம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்தார் அய்யன்காளி. ஏட்டில் விடுதலை வந்துவிட்டது, வயலில் வரவில்லை. புலையர் நல்ல ஆடை உடுத்தலாகாது. பெண்கள் மேலாடை அணியலாகாது. அடிமைக்கு அடையாளமான கல்மாலையைக் கழுத்தில் சுமக்க வேண்டும். பள்ளியின் கதவு அவர்களுக்குத் திறவாது. நெல் விளைவித்தவர்கள் அவர்கள். குழியில் இலை விரித்துக் கஞ்சி குடித்தவர்களும் அவர்களே.

இளமையில் அவர் செய்த முதற்காரியம் தம்மை ஒத்த வாலிபர்களை ஒன்று சேர்த்ததாகும். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு மாலையில் கூடி, அடிதடி வித்தை பயின்றனர். குமுளிக்கு அருகே பெரியாற்றின் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், 1893-ஆம் ஆண்டில், அய்யன்காளி ஒரு வில்வண்டியும் இரண்டு வெள்ளைக் காளைகளும் வாங்கினார். வெள்ளை வேட்டி உடுத்தி, மேலாடை அணிந்து, தலைப்பாகை கட்டி, காளைகளின் கழுத்து மணி ஒலிக்கப் பொதுச் சாலையில் வண்டியைச் செலுத்தினார். வழிமறித்தவர்களுக்கு அஞ்சவில்லை. மறுநாளும் சென்றார், அதற்கடுத்த நாளும் சென்றார். ஒருநாள் சென்றிருந்தால் அது வேடிக்கை என்று மறக்கப்பட்டிருக்கும். நாள்தோறும் சென்றமையால் அது வழக்கமாயிற்று. பின்னர் 1898-இல் கூட்டமாய்ப் பாலராமபுரம் பக்கம் சந்தைக்கு நடந்து சென்றபோது சாலியர் தெருவில் பெருங்கலகம் மூண்டது. இரு பக்கமும் இரத்தம் சிந்திற்று. நாம் ஹிம்சையை விரும்பாதவர்கள். எனினும் சாலையில் நடந்ததைத் தவிர வேறு குற்றம் அம்மக்கள் செய்யவில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

அடுத்து அவர் கல்வியின்பால் கருத்தைச் செலுத்தினார். தமக்குக் கிட்டாத எழுத்து பிள்ளைகளுக்குக் கிட்டவேண்டும் என்று 1904-ஆம் ஆண்டில் வெங்கானூரில் ஓர் ஓலைக் கொட்டகைப் பள்ளி அமைத்தார். பகைவர் அதைத் தீக்கிரையாக்கினர். அவர் மீண்டும் கட்டினார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். சங்கத்தார் வாரந்தோறும் ஒரு நாள் வேலையை விடுத்துக் கூடினர். கூடுமிடத்தில் தூய்மை, சிக்கனம், பிள்ளைகளின் படிப்பு, தமக்குள் எழும் வழக்குகளின் தீர்வு ஆகியவற்றைப் பேசினர். சிறு தொகையைச் சந்தாவாகச் செலுத்தினர். ஊருக்கு ஊர் கிளைகள் தோன்றின. பிக்குகள் கூடிப் பேசி முடிவு செய்யும் முறையைப் பகவான் புத்தர் வகுத்தருளியதை அறிந்த நமக்கு, கூடுதலின் வலிமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசாங்கம் ஆணையிட்ட பின்னரும் ஆசிரியர்களும் நிலக்கிழார்களும் இடங்கொடுக்கவில்லை. அப்போதுதான் அய்யன்காளி தம் மக்களை வயலில் இறங்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் பிள்ளைகள் பள்ளியில் அமராவிட்டால் உங்கள் நிலத்தில் புல் முளைக்கும் என்பது அவ்வேலை நிறுத்தத்தின் கருத்து. கூலிக்காக மாத்திரமன்றிக் கல்விக்காகவும் உழவுத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்த செய்தி உலக சரித்திரத்திலேயே அரிது. நிலக்கிழார்கள் முதலில் நகைத்தனர்; பிறகு தாமே வயலில் இறங்கி நடவு செய்ய முயன்று சோர்ந்தனர்.

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். இளமையில் நான் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை செய்தேன். ஒரு சமயம் நாங்கள் வேலை நிறுத்தம் செய்தோம். கொடி இருந்தது, கோஷம் இருந்தது. அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லை. மூன்றாம் வாரம் எங்கள் வீட்டுக் குழந்தைகள் பசியால் அழுதன. நாங்கள் தலை குனிந்து ஆலைக்குள் திரும்பினோம். பல ஆண்டுகள் எங்களுக்கு வீரம் போதவில்லை என்றே எண்ணி வருந்தினேன். அய்யன்காளியின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் எங்கள் பிழை விளங்கிற்று. அவர் விழிஞம் கடற்கரை மீனவரிடம் சென்று, வேலை நிறுத்தம் செய்த குடும்பத்துக்கு ஒருவர் வீதம் படகில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார். கடல் தந்த மீனால் வயலின் போராட்டம் நிலைத்தது. இறுதியில் அரசாங்க அதிகாரி ஒருவரின் நடுநிலையில் உடன்பாடு ஏற்பட்டது. வீரத்தைவிடச் சோற்றுக்கு வழி செய்வதே தலைவனின் முதற்கடமை என்று உணர்ந்தேன்.

1911-ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் அவரை ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமித்தது. எழுத்தறியாத அவர், கற்றோரும் செல்வரும் அமர்ந்த அவையில், தம் மக்களுக்கு வீடு கட்டவும் பயிர் செய்யவும் நிலம் வேண்டினார். பள்ளியில் இடம் வேண்டினார். அரசாங்க வேலை வேண்டினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே கோரிக்கைகளைச் சலியாது எடுத்துரைத்தார். அவர் பேசிய திருவனந்தபுரத்து மண்டபம் 2019-ஆம் ஆண்டு முதல் அய்யன்காளி மண்டபம் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சபையில் அமர்ந்தபின்பும் அவர் தெருவை மறக்கவில்லை. பஞ்சமி என்னும் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று ஊருட்டம்பலம் பள்ளியில் அமர்த்தினார். தீண்டாதார் குழந்தை அமர்ந்ததென்று அப்பள்ளிக்கே தீயிட்டனர். அத்தீயில் கருகிய பெஞ்சு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் பெண்கள் கல்மாலை அணிய மறுத்தமையால் கலகம் விளைந்து குடிசைகள் எரிந்தன. அய்யன்காளி கொல்லத்தில் பெருங்கூட்டம் கூட்டினார். எல்லாச் சாதியாரும் திரண்டிருந்த அந்த அவையில் பெண்கள் தம் கழுத்திலிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். அக்கற்கள் மேடையருகே குவிந்து கிடந்தனவாம். அப்பெண்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய பேத்திமார் விரும்பிய அணியை அணிந்து திரிவதே அவர்களுக்கு நினைவுச் சின்னம்.

1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்து அவரைக் கண்டார். தமக்கென எதுவும் கேளாத அய்யன்காளி, தம் மக்களுள் பத்துப் பேரேனும் பி.ஏ. பட்டம் பெறுவதைக் கண்டு இறக்கவேண்டும் என்ற ஒரே ஆசையை வெளியிட்டார். 1941 ஜூன் 18-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அன்பர்களே! இச்சரித்திரத்தைக் கேட்டு மகிழ்ந்து கைதட்டிப் போவதால் பயனில்லை. வாக்குச் சீட்டைப் போட்டுவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கேரளத்தில் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் வார்டுதோறும் கிராம சபை கூடவேண்டும். அங்கே நமக்கு நாற்காலி உண்டு, நாம்தான் செல்வதில்லை. லயத்தின் கூரை ஒழுகுவதையும், குடிநீர்க் குழாய் வறண்டதையும் அடுப்படியில் பேசிப் பெருமூச்சு விடுகிறோம். அய்யன்காளி இருந்திருந்தால், பத்துப் பேராய்ச் சென்று அவையில் எழுந்து சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை அமராதீர்கள், மறுகூட்டத்திலும் சென்று கேளுங்கள் என்றே வழி காட்டியிருப்பார்.

இது ஆகாத காரியம் என்போர் நம் மாவட்டத்திலேயே நடந்ததை நினைக்கட்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள், தலைவர்கள் எவரையும் எதிர்பாராமல் சாலையில் அமர்ந்து, ஒன்பது நாள் போராடித் தாம் கேட்ட போனஸைப் பெற்றனர். அவர்களும் நம்மைப் போல லயத்தில் வாழ்ந்து கொழுந்துக் கூடை சுமந்தவர்களே.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு நம் சங்கத்தார் ஒருங்கே செல்வோமாக. செல்லுமுன், அன்று கூலி இழப்பவர் வீட்டில் உலை கொதிக்க வழி செய்வோமாக. எழுத்தறிந்தவர் அறியாதவருக்கு மனு எழுதிக் கொடுப்பாராக. முதல் முறை நம்மை ஒருவரும் பொருட்படுத்தாமல் போகலாம். மறுமுறையும் செல்வோம், வில்வண்டியும் ஒரே நாளில் வழி பெற்றுவிடவில்லை.

எல்லா உயிர்களும் நலம் பெறுக!