சொல்லும் தொழிலும்: கவிஞர் மிஸ்திரால்

தென்பிரான்சின் புரோவான்ஸ் நாட்டில், மையான் என்னும் சிற்றூரில், 1830 செப்டம்பர் 8ஆம் நாள் வசதி மிக்க உழவர் குடும்பத்தில் பிறந்தவர் பிரெடெரிக் மிஸ்திரால். வயலிலும் வீட்டிலும் வழங்கியது புரோவான்சால் மொழி. பள்ளியிலும் நீதிமன்றத்திலும் ஆட்சி புரிந்தது பிரெஞ்சு. உழைப்புக்கு ஒரு மொழி, உயர்வுக்கு வேறொரு மொழி என்ற அந்தப் பிளவே அவர்தம் வாழ்நாள் கவலையாயிற்று.

ஏக்ஸ் நகரில் சட்டம் பயின்று 1851இல் பட்டம் பெற்ற அவர், வழக்கறிஞர் தொழிலை நாடாமல் தந்தையின் பண்ணைக்கே திரும்பினார். 1854இல் தம் ஆசிரியர் ரூமானீய் உள்ளிட்ட நண்பர்களுடன் கூடி, எழுவராக ஃபெலிப்ரீஜ் என்னும் இலக்கிய அமைப்பைத் தொடங்கினார். 1859இல் வெளிவந்த 'மிரேயோ' காவியம் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. செல்வ உழவரின் மகளுக்கும் கூடை முடைபவரின் மகனுக்கும் இடையே மலர்ந்த காதலே அதன் கதை. காதலரைப் பிரித்தது பொருளாதார ஏற்றத்தாழ்வு. பட்டுப்புழுவுக்கு இலை பறிப்பது முதலான அம்மண்ணின் தொழில்கள் அக்காவியத்தில் வெறும் அலங்காரமல்ல. அதன் சொற்கள் பிறந்த இடமே அவைதாம்.

ஆனால் அத்தொழில்கள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. பட்டுப்புழுக்களை நோய் தாக்கியது. திராட்சைக் கொடிகளை ஃபிலாக்செரா என்னும் பூச்சி அழித்தது. செந்நிறச் சாயவேர்ப் பயிரை, 1869க்குப் பின் வந்த செயற்கைச் சாயம் வீழ்த்தியது. 1881, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. கற்பிக்கும் மொழியோ பிரெஞ்சு. அஞ்சலகத்திலும் இரயில்வேயிலும் வேலை வேண்டிய ஏழைப் பெற்றோர், பிள்ளைகளைப் பிரெஞ்சின்பால் செலுத்தியதில் வியப்பில்லை. தாய்மொழியை வெறுத்து அவர்கள் அதைச் செய்யவில்லை. பிழைப்பு நாடியே செய்தார்கள்.

தொழில் மறையும்போது சொல்லும் மறையும் என்பதை மிஸ்திரால் உணர்ந்திருந்தார். அவர் தொகுத்த இருபெருந்தொகுதி அகராதி 1878 முதல் 1886 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தென்பிரான்சின் பல வட்டார வழக்குகளையும் அது ஒருங்கே தாங்கியது. 1897இல் எழுதிய ரோன் ஆற்றுக் காவியத்திலே, குதிரைகள் கரையிலிருந்து இழுத்த படகுகளையும், நீராவிக் கப்பலால் வாழ்விழந்த படகோட்டிகளையும் பாடினார். 1904இல் எச்செகராயுடன் பகிர்ந்துகொண்ட நோபல் பரிசின் தொகையை, ஆர்ல் நகரில் தாம் அமைத்திருந்த அருங்காட்சியகத்துக்கே வழங்கினார். மக்களின் ஆடைகளும் கருவிகளும் வீட்டுப்பொருள்களும் அங்கே இடம்பெற்றன.

1914 மார்ச் 25 அன்று அவர் மறைந்தார். அகராதி நிலைத்தது, அருங்காட்சியகமும் நிலைத்தது. ஆனால் பேசுவோர் குறைந்தனர். யுனெஸ்கோ அமைப்பு அம்மொழியைக் கடும் அழிவின் விளிம்பில் உள்ள மொழிகளுள் ஒன்றாகக் கணித்தது. சொற்களைக் காப்பதில் கவிஞர் செய்யத்தக்கது அனைத்தையும் மிஸ்திரால் செய்தார். அச்சொற்களைப் பேசுவோர்க்கு அம்மொழியிலேயே கூலியும் பதவியும் கிடைக்கச் செய்வது கவிஞர் ஒருவரால் மட்டும் ஆகக்கூடிய செயலன்று. வட்டார வழக்கைப் போற்றுவோர் அவ்வழக்கைப் பேசுவோரின் அன்றாடப் பிழைப்பையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை விட்டுச்சென்ற பாடம்.