ஆயில் பம்ப் இல்லாத காலத்து இன்ஜின்... புதுக்கோட்டை ரோட்டில் ஆரம்பித்த டி.வி.எஸ் கதை!

காரை நல்லா விரட்டிக்கிட்டு வளைவில் திரும்புறீங்க. டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு ஆயில் விளக்கு ஒரு செகண்ட் மின்னி மறையுது. அதை லேசா விட்டுடாதீங்க பாஸ். திரும்புற வேகத்தில் ஆயில் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிடும். பம்ப் ஆயிலுக்குப் பதிலா காத்தை உறிஞ்சும். பிரஷர் விழுந்தா பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய ஆயில் படலம் காலி. இரும்போடு இரும்பு உரசும். சில நொடி போதும், இன்ஜின் முடிஞ்சது. இதுக்காகத்தான் ரேஸ் கார்களில் ஆயிலைத் தனி டேங்க்கில் வைக்கிறாங்க.

இப்போ 1912-க்குப் போவோம். அந்தக் காலத்துப் பல இன்ஜின்களில் ஆயில் பம்ப்பே கிடையாது. புகழ்பெற்ற ஃபோர்டு மாடல் டி-யும் அப்படித்தான். சுத்துற பாகங்கள் ஆயிலை வாரி இறைக்கும், தெறிக்கிற இடத்துக்கு அது போகும். செங்குத்தான ஏத்தத்தில் ஆயில் பின்னாடி ஓடிப்போய், முன்பக்க பேரிங் வறண்டுடும்.

அந்த வருஷம்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் பஸ் விட்டார். புதுக்கோட்டை அப்போ தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். ரயில் அங்கே வந்ததே 1929-ல்தான். பஸ் வரும் வரை மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். சுமார் 60 கிலோமீட்டர் மண் ரோடு, வெயில், தூசு. நடுவழியில் இன்ஜின் நின்னா பயணிகளும் அங்கேயே நிக்கணும்.

அவர் மெக்கானிக் இல்லை. 1877-ல் திருநெல்வேலிப் பக்கம் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, பேங்க் வேலை எல்லாம் பார்த்துட்டு உதறினவர். பேங்க் வேலையை விட்டுட்டு மோட்டார் தொழிலில் இறங்குறது இன்னிக்கே வீட்டில் சண்டை வரவைக்கிற முடிவு!

பிறகு மதுரையைத் தலைமையிடமாக்கி, ஒர்க்‌ஷாப், உதிரி பாகங்கள், டயர் ரீட்ரெடிங் என்று விரிந்தார். வண்டியை விக்கிறதைவிட, ஓட வைக்கிறதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரியுதுன்னு எனக்குத் தோணுது. டி.வி.எஸ் பஸ்ஸைப் பார்த்து வாட்சை சரிபண்ணிக்குவாங்கன்னு மதுரைப் பக்கம் இன்னிக்கும் சொல்லுவாங்க. ஒழுங்கா பராமரிக்காத இன்ஜினை வெச்சுக்கிட்டு அப்படிப் பேர் வாங்க முடியாது.

வீட்டிலும் துணிச்சல்காரர். இளம் வயதில் கணவரை இழந்த மகள் சௌந்தரத்தை டாக்டருக்குப் படிக்க வைத்தார். காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் அந்த மகள்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. அப்போ வந்தது டி.வி.எஸ் கேஸ் பிளான்ட். கரியைக் குறைவான காத்தில் எரித்து, வர்ற வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி இன்ஜினுக்குக் கொடுப்பாங்க. கேட்க ஈஸியா இருக்கு, ஓட்டிப் பார்த்தா தெரியும். பவர் நல்லாவே குறையும், அதனால் டிரைவர் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சே ஓட்டணும். வடிகட்டி சரியில்லைன்னா சாம்பல் உள்ளே போய் ஆயிலோடு கலந்துடும். காக்க வேண்டிய ஆயிலே பேரிங்கைத் தேய்க்கும். ஆயிலைத் தள்ளிப்போடாம மாத்துறதைத் தவிர வேற வழி கிடையாது.

1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் அவர் காலமானார். டி.வி.எஸ் பஸ்கள் அதுக்கப்புறமும் மதுரை ரோடுகளில் ஓடின, 1970-களின் தொடக்கத்தில் அரசுடைமை ஆகும் வரைக்கும்.